ஐந்து சீட்டு வண்டியில் ஏழு பேர்

கேள்வி: கம்பத்தில் குடியிருக்கிறோம். மேலே வண்டன்மேடு பக்கம் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீட்டில் நான், மனைவி, ஐந்து வயது மகன், இரண்டு வயது மகள், அப்பா, அம்மா. தை மாதம் மூன்றாவது குழந்தையை எதிர்பார்க்கிறோம். அப்பாவுக்கு மூட்டு வலி. வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்துக்குப் போவேன். உரம், பிவிசி பைப், சில சமயம் இறங்கும்போது உலர்ந்த காய் மூட்டை ஏற்ற வேண்டியிருக்கும். இப்போது இருப்பது 2019 எர்டிகா. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே டபுள் கேபின் பிக்-அப்பாக எடுக்க ஆசை. ஆன் ரோடு 32 லட்சம் வரை போகலாம். இசுசு வி-கிராஸா, டொயோட்டா ஹைலக்ஸா? பொலிரோ கேம்பரே போதும் என்கிறார் நண்பர். எல்லோரும் சேர்ந்து போகும் நாளுக்காகப் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிமேல் கேனோபி என்ற மூடுகூண்டு போட்டு, உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்ச் வைத்துத் தர ஒரு பட்டறைக்காரர் சம்மதித்திருக்கிறார். சரிவருமா? தீபாவளி ஆஃபரில் புக் செய்துவிடலாமா?

பதில்: வணக்கம். வி-கிராஸா ஹைலக்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஆனால் பட்டறைக்காரர் விஷயத்தை முதலில் பேசிவிட வேண்டும். நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்து நடந்த பிறகு வண்டியைப் பார்க்கப் போகிறவன். அதனால் ஷோரூமில் சொல்லாத பக்கத்திலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும்.

தையில் குழந்தை வந்ததும் வீட்டில் ஏழு பேர். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வண்டிகளிலும் சீட் ஐந்துதான். இரண்டு பேருக்கு இடமில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் பெஞ்ச் யோசனையே வந்திருக்கிறது. அந்த பெஞ்ச் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பிக்-அப்பின் தொட்டி, ஆள் உட்காரும் இடமாக வடிவமைக்கப்பட்டதல்ல. கேபினில் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்படி கட்டிய கூடு இருக்கிறது, சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கொக்கி அந்தக் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. தொட்டியில் இருப்பது தகடு. அதில் நாலு போல்ட்டில் பெஞ்சை நிறுத்தினால், சாதாரண பிரேக்குக்கு நிற்கும். 40 கி.மீ. வேகத்தில் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் ஆளுக்கு அது சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்த அடி. வளைவில் வண்டி சாய்ந்தால் கேனோபியின் ஃபைபர் ஓடு பிளந்து ஆள் வெளியே போவார். அதோடு வெளியில் தெரியாத இன்னொன்று: கேனோபி வைத்த வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது. கம்பம்மெட்டு ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் என்ஜின் திணறும் நேரத்தில் இரண்டு குழந்தைகள் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தால், வாந்தி மயக்கம் எல்லாம் மலைப்பாதையால் வந்தது என்றுதான் முன்னால் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, அது கேரளத்திலிருந்து போன வழக்கு. நீங்கள் வாரம் இரண்டு முறை ஏறப்போவதும் அந்த மாநிலத்துக்குத்தான். வண்டியில் மாற்றம் செய்திருந்தால் அங்குள்ள மோட்டார் வாகனத் துறை எப்படிப் பிடிக்கும் என்பது எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற எவருக்கும் தெரியும். 2023 ஜூனிலிருந்து அங்கே கேமராவும் அபராதச் சீட்டு எழுதுகிறது.

இன்சூரன்ஸ் பக்கம் இதைவிட மோசம். விபத்து நடந்த வண்டியிடம் போனதும் நான் முதலில் செய்வது, ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவது. இருக்கை எண்ணிக்கை ஐந்து என்று இருக்க, உள்ளே பெஞ்ச் இருந்தால் அதை அறிக்கையில் எழுதாமல் விட எனக்கு வழியில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றிய பஸ் ஒன்றின் வழக்கில், அனுமதித்த எண்ணிக்கை வரைதான் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொன்னது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவர்களுக்குக் கம்பெனி பொறுப்பே இல்லை என்று 2002 கடைசியில் வந்த தீர்ப்பு அதற்கும் முந்தியது. அதாவது பின்னால் உட்கார்ந்தவருக்கு ஏதாவது ஆனால், நஷ்டஈடு உங்கள் தோட்டத்தின்மேல் வந்து விழலாம். தோட்ட ஆட்களைத் தொட்டியில் ஏற்றிவருவதும் இதே கணக்கில்தான் சேரும். மேலே எல்லோரும் செய்கிறார்கள் என்பீர்கள். செய்கிறார்கள், அதில் ஒரு பங்கு என் மேஜைக்கு வருகிறது.

பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டதைச் செய்து தருகிறவர் அவர். முன்பணம் கொடுத்திருந்தால் அதைத் தொட்டிக்கு ஒரு நல்ல மூடியாக, தார்ப்பாயோ மடக்கு மூடியோ, மாற்றிக்கொள்ளுங்கள். காய் மூட்டை மழையில் நனையாமல் இருக்க அது போதும். அதையும் பாலிசியில் கூடுதல் பொருத்தம் என்று விலையோடு எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் விபத்தில் போனாலும் திருட்டில் போனாலும் அதற்குப் பைசா வராது.

சரி, எர்டிகா. கடிதத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த வண்டியிலேயே இருக்கிறது. ஏழு சீட், ஏழு பேர். ஆறேழு வருட வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதை எண்ணிப் பாருங்கள், அந்தப் பணத்தில் இன்னொரு ஏழு சீட் வண்டி கிடைக்காது. அதை விற்றுவிட்டு ஐந்து சீட் வண்டியை ஏழாக்க பட்டறைக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது எர்டிகாவை அதிகம் ஓட்டுவது யார்? கடிதத்தில் உங்கள் மனைவி ஓட்டுவாரா என்பதே இல்லை. அவர் பையனைப் பள்ளியில் விட, மருத்துவமனைக்குப் போக, அந்த வண்டியை எடுக்கிறவர் என்றால், நாளைக்கு அவர் கையில் கொடுக்கப்போவது 5.3 மீட்டர் நீளமுள்ள வண்டி. பதினேழரை அடி. கம்பம் கடைவீதியில் சந்தை நேரத்தில் அதைத் திருப்பி நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் தோட்டத்துக்கு எடுத்துப்போன இரண்டு நாளும் வீட்டில் வண்டியே இருக்காது, கைக்குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் ஆட்டோதான். ஒரே வண்டி என்பது கேட்க நன்றாக இருக்கிறது, உங்கள் வீட்டு நடப்புக்குப் பொருந்தவில்லை.

ஆகவே எர்டிகாவை வைத்துக்கொண்டு பிக்-அப்பை யோசியுங்கள் என்பேன். அப்படி யோசித்தால் தேர்வு சட்டென்று எளிதாகிவிடுகிறது. பிக்-அப் இனி தோட்ட வண்டி, எப்போதாவது நாலைந்து பேர் சேர்ந்து மேலே போகலாம். அதற்கு என்ன வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

ஹைலக்ஸ் நல்ல வண்டி. ஃபார்ச்சூனருக்கும் இன்னோவா கிரிஸ்டாவுக்கும் அதற்கும் அடிப்படை ஒரே குடும்பம். 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் இழுவை. என் கண் பார்த்தவரை அடி வாங்கினாலும் எழுந்து வரும் ஜாதி. ஆனால் எக்ஸ் ஷோரூம் விலையே 30 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வரி மட்டும் ஆறு லட்சம் வரும், அதோடு இன்சூரன்ஸ். 32 லட்சத்தில் அது அடங்காது. கடன் வாங்கி எட்டிப்பிடிக்கிற அளவுக்கு உங்கள் வேலை அதைக் கேட்கவும் இல்லை. மூன்றாவது குழந்தை வருகிற வருடம் வேறு.

வி-கிராஸ் உங்கள் வரம்புக்குள் வரும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் செய்கிறார்கள், 2016-லிருந்து இங்கே ஓடுகிறது. இப்போதைய என்ஜின் 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். கேட்க ஹைலக்ஸைவிட இளைத்ததுபோல் இருந்தாலும் குமுளி ஏற்றத்துக்கும் கம்பம்மெட்டுக்கும் அது தாராளம். ஃபோர் வீல் டிரைவ் மேனுவல் எக்ஸ் ஷோரூம் 25 லட்சத்தை ஒட்டி வருகிறது, வரி ஐந்து லட்சம், இன்சூரன்ஸ் சேர்த்தால் உங்கள் தொகைக்கு விளிம்பில் நிற்கும். ஆட்டோமேட்டிக்கும் மேல் மாடலும் எடுத்தால் தாண்டிவிடும். டூ வீல் டிரைவில் ஹைலேண்டர் என்று ஒன்று இருக்கிறது, நாலைந்து லட்சம் மிச்சமாகும். தேனி, மதுரை என்று தார்ச்சாலையிலேயே ஓடுகிறவருக்கு அதுவே போதும். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பிடித்த பிறகு எஸ்டேட் மண்பாதையில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்-அப்பைப்போல் ஏமாற்றுவது வேறில்லை. காலித் தொட்டி என்றால் பின் ஆக்சில்மேல் எடையே இருக்காது, சக்கரம் நின்ற இடத்தில் சுழலும்.

ஆனால் ஃபோர் வீல் வாங்கியவர்கள் செய்யும் தவறும் உண்டு. இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், பிரச்சினையில்லை. காய்ந்த தார்ச்சாலையில், அதுவும் கொண்டை ஊசி வளைவில், வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட், கியர் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி தள்ளும். மண்பாதை தொடங்கும் இடத்தில் போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். டிரைவர் வைத்திருந்தால் அவருக்கும் சொல்லிவையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இணையத்தில் பார்த்துவிட்டு, வி-கிராஸின் குடும்பப் பெயரான இசுசு டி-மேக்ஸ், மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2020-ல் அந்த மதிப்பெண் வாங்கியது புதிய தலைமுறை டி-மேக்ஸ். நமக்கு விற்பது அதற்கு முந்தைய தலைமுறை. நட்சத்திரத்தை மறந்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: எத்தனை ஏர்பேக், வண்டி வழுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சி இருக்கிறதா, பின் சீட்டில் நடு ஆளுக்குத் தோளிலிருந்து வரும் பெல்ட்டா, இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டா. வி-கிராஸில் 2024-ல் ஒரு மாற்றம் வந்தது. பின்னால் மூன்று பேருக்குமே தோள் பெல்ட், பின் சீட்டின் சாய்வும் கொஞ்சம் கூடியது, மேல் மாடலில் ஆறு ஏர்பேக். ஆகவே பழைய ஸ்டாக்கை விலை குறைத்துத் தள்ளினாலும், செகண்ட் ஹேண்டில் நல்ல வண்டி இருக்கிறது என்று நண்பர் காட்டினாலும், நடு சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

குழந்தை சீட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டபுள் கேபின் பிக்-அப்பில் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். பிறந்த குழந்தைக்குப் பின்னோக்கி இருக்கும் சீட். இரண்டு வயதுக்கு வார் பூட்டும் சீட். ஐந்து வயதுக்கு, பெரியவர்களின் பெல்ட் கழுத்தில் ஏறாமல் தோளில் படியும்படி உயர்த்தும் பூஸ்டர். இந்த மூன்றில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 43 முதல் 46 சென்டிமீட்டர் அகலம். மூன்றையும் வரிசையாக வைக்க 130-க்கும் மேலே வேண்டும், அதற்குமேல் பெல்ட் கொக்கியில் கை நுழைய இடம். ஷோரூமுக்கு ஒரு டேப் எடுத்துப் போங்கள். கதவுக்குக் கதவு, தோள் உயரத்தில் அல்ல, சீட் குஷன் உயரத்தில் அளந்து பாருங்கள். குழந்தை சீட்டை வண்டியோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையம் இரண்டு ஓரத்தில்தான் இருக்கும், நடு சீட் பெல்ட்டால்தான் கட்டப்பட வேண்டும்.

பின்னோக்கிய சீட் இன்னொரு வம்பு. அது முன்பக்கமாக நீளும், அதனால் முன் சீட்டை முன்னே தள்ள வேண்டும். பிக்-அப்பின் பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் இடைவெளி காரைவிடக் குறைவு, முதுகும் செங்குத்து. உங்கள் அப்பா முன்னால் உட்கார்ந்தால் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும், மூட்டு வலிக்காரருக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை. அவர் ஏறுவதற்கே பக்கப்படியும் தூணில் கைப்பிடியும் வேண்டும். முன் சீட்டில் ஏர்பேக் இருக்கும்போது பின்னோக்கிய குழந்தை சீட்டை அங்கே வைப்பது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் தலைமேல் நேராக விழும். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்பதும் வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். அது கிடக்கட்டும், பத்து கிலோ குழந்தையை மோதலில் எந்தத் தாயாலும் கையில் பிடிக்க முடியாது.

இதையே எர்டிகாவில் இப்படிச் செய்து பாருங்கள். முன்னால் நீங்களும் அப்பாவும். நடு வரிசையில் இடது ஓரம் கைக்குழந்தை, பக்கத்தில் மனைவி, வலது ஓரம் அம்மா. கடைசி வரிசையில் பையன் பூஸ்டரில், பெண் தன் சீட்டில். கடைசி வரிசையில் அவளுடைய சீட்டை வெறும் பெல்ட்டால் கட்டலாமா என்று அந்தச் சீட்டின் புத்தகத்தில் முதலில் பார்த்துவிடுங்கள், எல்லாச் சீட்டும் அதற்கு ஒத்துவராது. குழந்தை சீட் மாட்டிய பக்கம் நடு வரிசை சீட் மடங்காது, அதனால் வலது பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் பிள்ளைகள் பின்னால் ஏற முடியும். நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் அங்கே பூஸ்டர் வைக்கக் கூடாது. சாமான் வைக்க இடமிருக்காது. குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது பொங்கல் பானை கூரைக் கேரியரில்தான் வரும். அது பரவாயில்லை.

பயணச் சுகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிக்-அப்பின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். மூட்டை ஏற்ற வேண்டி இறுக்கமாக வைத்தது. வெறும் வண்டியில் பள்ளத்தில் விழுந்தால் பின் சீட்காரர்தான் குதிப்பார். ஷோரூம்காரர் தேனி பைபாஸில் ஓட்டிக்காட்டினால் ஒன்றும் தெரியாது. டெஸ்ட் டிரைவை மலைப்பாதையில் கேளுங்கள். நீங்கள் ஓட்டாமல், பின் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள்.

இனி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் விஷயம். வி-கிராஸை வெள்ளை போர்டில், கார் பாலிசியில் எடுப்பீர்கள். தனிநபர் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது கூடாது என்பதோடு, மாதிரிப் பொருளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். உரமூட்டையும் காய்மூட்டையும் லக்கேஜா? ஒரு சர்வேயர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். அந்த வாக்குவாதம் விபத்துக்குப் பிறகு நடக்கக் கூடாது. புக் செய்யும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள்: இந்த வண்டியின் தொட்டியில் என் சொந்தத் தோட்டத்துப் பொருளை ஏற்றுவேன், பாலிசி செல்லுமா, செல்லாவிட்டால் என்ன சேர்க்க வேண்டும் என்று. பதில் எழுத்தில் வர வேண்டும். ஏஜென்ட் வாய்வார்த்தையில் சொல்வதை நான் அறிக்கையில் இணைக்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் மூட்டையைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றினால் மட்டும் சந்தேகமே இல்லை, க்ளெயிம் போய்விடும்.

ஆர்சியில் வாகன வகை என்னவென்று எழுதப்போகிறார்கள் என்பதையும் டீலரிடம் கேளுங்கள். கார் என்றா, சரக்கு வாகனம் என்றா? வரி, எஃப்சி என்னும் தகுதிச் சான்று, பாலிசி மூன்றும் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் நிற்கும். அதே ஆர்சியில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆளும் மூட்டையும் சேர்ந்து ஏற்றக்கூடியது. கார் வகையில் பதிவாகும் டபுள் கேபின்களில் அது லோடு வண்டியைவிட மிகக் குறைவாக இருக்கும். நாலு பெரியவர்கள் உட்கார்ந்தாலே 280 கிலோ போய்விட்டது. மீதியில் 50 கிலோ டிஏபி உர மூட்டை எத்தனை வைக்கலாம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். தொட்டி பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது.

இங்கேதான் உங்கள் நண்பர் சொன்ன கேம்பரைத் தள்ளிவிட முடியவில்லை. அதில் ஒரு டன் அளவுக்கு ஏற்றலாம், ஃபோர் வீலிலும் வருகிறது, வி-கிராஸ் விலையில் பாதிகூட ஆகாது. சரக்கு வாகனப் பாலிசி என்பதால் மூட்டை ஏற்றியதற்காக யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எதிர்ப்பக்கம்: மஞ்சள் போர்டு, எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்குப் பிறகு வருடாவருடம். மூன்றாம் நபர் பிரீமியம் காரைப்போல் இரண்டு மடங்கு. எல்லை தாண்டினால் கேரள வரி விவகாரம், அதை ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். குழந்தைகளை ஏற்றிப்போக அதை நான் சொல்லவே மாட்டேன், அது வேலைக்குப் பிறந்த வண்டி.

ஆக, என் முடிவு இது. எர்டிகா வீட்டில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் சரி என்றால் வி-கிராஸ் ஃபோர் வீல் மேனுவல். உலர்ந்த ஏலக்காய் கனமான சரக்கல்ல, பைப்பும் அப்படித்தான். மொத்தமாக உரம் ஏற்றும் நாளில் மட்டும் வாடகை லோடு வண்டி பிடித்துக்கொள்ளலாம். கம்பெனி மழுப்பினால் கேம்பர், குழந்தைகள் எப்போதும் எர்டிகாவில். எர்டிகாவை எப்படியும் விற்பதாக வீட்டில் முடிவாகிவிட்டது என்றால் பிக்-அப் கனவையே விட்டுவிட்டு, ஸ்கார்பியோ-என் டீசலில் ஃபோர் வீல், ஏழு சீட் மாடலைப் பாருங்கள். கடைசி வரிசை நெருக்கடிதான், அதை விரித்தால் சாமானுக்கு ஒரு பைதான் கொள்ளும், ஆனால் ஏழு பேருக்கும் பெல்ட் இருக்கும்.

டீசலில் இன்னொரு எச்சரிக்கை. பிஎஸ்6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். எஸ்டேட் பாதையில் முதல் கியரிலேயே ஊர்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டால் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தேனி வரையாவது சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால் உடனே ஆஃப் செய்யாமல் ஓட்டுங்கள். வாங்கும் முன், சர்வீஸ் சென்டர் கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் சேருங்கள். எர்டிகாவுக்கு ஊரிலேயே கை வைக்க ஆள் கிடைப்பார், இதற்குக் கிடைக்க மாட்டார்.

தீபாவளி ஆஃபர். அவசரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கொடுக்கும் தள்ளுபடியில் பாதி, ஸ்டாக் யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டிக்கானது. சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, உற்பத்தி மாதமும் வருடமும் என்ன என்று டீலரிடம் எழுதித்தரச் சொல்லுங்கள். டிசம்பரில் பதிவு செய்தால் இரண்டு வாரத்தில் ஆர்சிப்படி ஒரு வருடப் பழைய வண்டியாகிவிடும், பின்னால் விற்கும்போது தெரியும். தையில் பிரசவம் என்றால் அதுவரை உங்கள் மனைவியை மலைப்பாதையில் பிக்-அப்பில் ஏற்றி டெஸ்ட் டிரைவ் எடுக்கவும் வழியில்லை. மாசி கடைசியில் குழந்தை சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அதையும் தூக்கிக்கொண்டு, வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். போவதற்கு முன் உங்கள் வீட்டு போர்ட்டிகோவை ஒருமுறை அளந்துவிடுங்கள். பதினேழரை அடி நீளத்துக்கும், கண்ணாடி விரித்தால் ஏழடி அகலத்துக்கும் இடமில்லை என்றால், வண்டி தெருவில்தான் நிற்கும்.